பழைய காரும் ஒழுகும் கண்ணாடியும்

மலைநாட்டில் வாழ்வோர்க்கு மழையின் இயல்பை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. வைகாசியில் எழும் தென்மேற்குப் பருவக்காற்று மலைமுகடுகளில் மோதத் தொடங்கினால், ஹற்றனிலிருந்து டிக்கோயா வழியாக நோர்வூட்டுக்கும், அங்கிருந்து மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் பிரியும் பாதைகளில் வெயிலைக் காண்பது அரிதாகிவிடும். அத்தகைய ஊரில் முதிர்ந்த காரொன்றை வைத்திருப்போர் எந்திரத்துக்கும் முன்னதாக அதன் கண்ணாடிகளைக் கவனிக்கக் கற்றல் நன்று.

நம் நாட்டில் இன்றும் ஓடுகின்ற பழங்கார்களுள் மொறிஸ் மைனர் முதன்மையானது. அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948 ஆம் ஆண்டில் இலண்டனில் அறிமுகமாயிற்று. தொடக்கத்தில் அதன் முன்கண்ணாடி நடுவே பிரிந்த இரு தட்டைக் கண்ணாடிகளாக இருந்தது. 1956 இல் வந்த மைனர் 1000 வளைந்த ஒற்றைக் கண்ணாடியைப் பெற்றது. 1960 களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி சுருங்கியபோது, இருந்த வண்டிகளைப் பேணும் கலையை நம் முன்னோர் கற்றனர். 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்ட பின்னர், 2025 வரை நாமும் அதே பாடத்தைப் படிக்க நேர்ந்தது.

எமது வீட்டில் தந்தையார் விட்டுச் சென்ற மைனர் 1000 ஒன்றுண்டு. முன்கண்ணாடியின் கீழ்மூலையில் நீர் கசிவதை ஈராண்டுகள் பொருட்படுத்தாதிருந்தோம். பின்பு ஒரு திருத்தகத்தில் சிலிக்கன் பசையை அள்ளிப் பூசினர். கசிவு மறைந்தது போலத் தோன்றியது. ஆடி மாதத்து மாலையொன்றில் மஸ்கெலியாவிலிருந்து குழந்தைகளோடு திரும்பினோம். வெளியே மூடுபனி, உள்ளே நனைந்த விரிப்பின் ஈரம் கண்ணாடியில் ஆவியாகப் படிந்தது. ஒரு கையால் அதைத் துடைத்தவாறே வளைவிற் திரும்புகையில், எதிரே கொழுந்து லொறி வந்தது. வண்டி கானின் ஓரத்தில் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. மறுநாள் விரிப்பைத் தூக்கினோம். சிறியவன் கால் வைக்கும் இடத்தில் அடித்தகடு துருவேறி, விரல் புகும் துளையாயிருந்தது.

கண்ணாடி ஏன் ஒழுகுகின்றது? கண்ணாடியைச் சூழ்ந்த றப்பர்ச் சட்டத்துக்கு இரு பள்ளங்கள் உள. ஒன்று கண்ணாடியையும், மற்றது உடற்தகட்டின் விளிம்பையும் கவ்வுகின்றது. வெயிலாலும் காலத்தாலும் றப்பர் இறுகிச் சுருங்க, மயிரிழை போன்ற இடைவெளி உண்டாகின்றது. கல்லூரி ஆய்வுகூடத்தில் நுண்குழாயில் நீர் தானே ஏறுவதைக் கண்டோமல்லவா? அதே மயிர்த்துளைத்தன்மையால் இங்கும் நீர் உட்புகுகின்றது. ஓடும் வண்டியின் எதிர்க்காற்று அதை மேலும் தள்ளுகின்றது. நீர் தோன்றும் இடமே புகுந்த இடமென்று கொள்ளலாகாது. மேலே புகுந்து, விளிம்பு வழியே ஓடி, கீழ்மூலையில் சொட்டுதல் வழக்கம்.

ஆகவே முதலில் உட்புறத்தை நன்கு உலர்த்தி, விளிம்போரம் சோக்குத் தூளைத் தூவ வேண்டும். ஒருவர் உள்ளே விளக்கோடு இருக்க, மற்றவர் வெளியே மெல்லிய நீர்த்தாரையைக் கீழ்ப்பக்கத்தில் தொடங்கிச் சிறிது சிறிதாக மேலே கொண்டு செல்ல வேண்டும். மேலிருந்து ஊற்றினால் எங்கும் நனைந்து உண்மை புலப்படாது.

றப்பர் இன்னும் மென்மையாயின், அதன் உதட்டை மழுங்கிய மரத்துண்டால் தூக்கி, துடைத்து உலர்த்தி, இறுகாத அடைப்புப் பசையை இருபக்கமும் செலுத்தினாற் போதும். சிலிக்கன் வேண்டாம், அதன் சில வகைகள் உலரும்போது விடும் அசற்றிக்கமிலம் இரும்பைத் தின்னும். மண்ணெண்ணெயும் கிறீசும் றப்பரைக் கெடுப்பன.

றப்பர் வெடித்திருப்பின் புதியதே வேண்டும். கண்ணாடியைக் கழற்றியதும் விளிம்பின் துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூச்சும் நிறமும் பூசுக. எமது வண்டியில் சிலிக்கனுக்கு அடியிலேயே துரு வளர்ந்திருந்தது. பின்னர் றப்பரைக் கண்ணாடிக்கு அணிந்து, வெளிப்பள்ளத்தில் ஒரு கயிற்றைச் சுற்றி, சவர்க்கார நீர் தடவி, வெளியிலிருந்து பொருத்துக. உள்ளிருப்பவர் கயிற்றை மெல்ல இழுக்க, உதடு விளிம்பைத் தாண்டி உள்ளே வந்து கவ்வும். வெளியிலிருப்பவர் உள்ளங்கையால் மட்டும் அழுத்துக. ஓரத்தில் ஒரு தட்டுப் பட்டாலும் கண்ணாடி நொறுங்கக்கூடும்.

கதவு யன்னல்களின் நிலை வேறு. அங்கே கண்ணாடியோடு வழியும் நீர் கதவினுள் இறங்குவது இயல்பே. அது வெளியேறக் கதவின் அடியில் சிறு துளைகள் உள. அவை சேற்றால் அடைபட்டால் கதவு உள்ளிருந்தே உக்கும். மாதமொருமுறை அவற்றை ஒரு குச்சியால் துப்புரவு செய்தல் போதும்.

அடித்தகட்டுக்குப் புதுத் தகடு ஒட்டியதற்கான செலவு, காலத்தில் வாங்கியிருக்க வேண்டிய றப்பரின் விலையைப் பன்மடங்கு விஞ்சிற்று. அச்செலவையும் நாம் மறந்துவிடலாம். அந்த வளைவை மறத்தல் இயலாது. பழைய கார் வைத்திருக்கும் அன்பர்காள், அடுத்த பருவமழைக்கு முன் ஒருநாள் உங்கள் வண்டியின் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள்.