பொக்கைப் பல் சிரிப்புக்கும் மவுசு உண்டு!

விளம்பரப் படத்துக்குக் குழந்தையின் போட்டோவைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

பிஸ்கோத்து, பற்பசை, பள்ளிக்கூடப் பை... இவற்றின் விளம்பரப் படங்களில் ஒரு குழந்தை வந்து சிரித்துவிட்டுப் போகிறது. அரை நிமிஷ வேலைதான். ஆனால், அந்த அரை நிமிஷத்துக்காக எத்தனை குழந்தைகளின் போட்டோக்கள் பார்க்கப்படுகின்றன, தெரியுமா? சில சமயம் நூற்றுக்கணக்கில்!

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ், நியூயார்க் நகரங்களில் இது பெரிய தொழில். நடிக்க விரும்புகிறவர் பெரியவரானாலும் சிறியவரானாலும், முதலில் தயார் செய்துகொள்வது 'ஹெட்ஷாட்' எனப்படும் போட்டோவைத்தான். தலையும் தோளும் மட்டும் தெரியும் படம் அது. 8 அங்குல அகலம், 10 அங்குல உயரம் என்பது நெடுநாளைய அளவு. இப்பொழுது பெரும்பாலும் கம்ப்யூட்டர் வழியாகவே அனுப்புகிறார்கள். நடிகர்களைப் பொறுக்கி எடுக்கும் அதிகாரியின் திரையில் அந்தப் படம் தபால் தலை அளவுக்குச் சிறுத்து, பல முகங்களுக்கு நடுவே ஒரு முகமாக நிற்கிறது. அவர் பார்வை அதன்மேல் தங்குவது ஓரிரு விநாடிதான்.

அழகான படமா, அசல் படமா?

'என் குழந்தை ராஜா மாதிரி இருக்க வேண்டும்' என்று பெற்றோர் நினைப்பது இயற்கை. பட்டுச் சட்டை, படிய வாரிய தலை, கன்னத்தில் ரோஸ் பவுடர் என்று ஜோடித்து அழைத்து வருகிறார்கள். தேர்வு செய்கிறவருக்கு இது எதுவும் தேவையில்லை. படத்தில் பார்த்த அதே குழந்தை நாளைக்குத் தம் அறைக்குள் நுழைய வேண்டும். அவர் கேட்பது அவ்வளவுதான்.

படத்தில் இருக்கும் மச்சம் நேரில் இல்லாவிட்டாலும், நேரில் இருக்கும் தழும்பு படத்தில் இல்லாவிட்டாலும் அவருக்கு ஏமாற்றம்தான். அதனால்தான் பல்லை வெளுப்பாக்குவது, நிறத்தைக் கூட்டுவது போன்ற வித்தைகளை அனுபவசாலிகள் ஒதுக்குகிறார்கள். அன்றைக்கு மூக்கு நுனியில் முளைத்த சிறு கொப்புளத்தை வேண்டுமானால் அழிக்கலாம். நாலு நாளில் அது தானே மறைந்துவிடும் அல்லவா?

இதில் காலமும் மாறியிருக்கிறது. 1930-களில் உலகையே மயக்கிய ஷெர்லி டெம்பிளுக்குப் பால் பற்கள் விழுந்தபோது, இடைவெளி தெரியாமல் இருக்கப் பொய்ப்பல் வைத்துப் படம் பிடித்தார்கள். 1928-ல் பிறந்த அந்தச் சிறுமியின் வயதில் ஓராண்டைக் குறைத்துச் சொல்லி, அவளையே நம்பவும் வைத்திருந்தார்கள்! இன்று அந்தப் பொக்கைப் பல்லுக்கே மவுசு. ஆறு ஏழு வயதுக் குழந்தை வேண்டும் என்று கேட்கும் விளம்பரக்காரர், ஆறு ஏழு வயதுக்குரிய வாயைத்தான் எதிர்பார்க்கிறார். முன்பல் விழுந்துவிட்டால், அந்தச் சிரிப்போடு புதுப் படம் ஒன்று எடுத்துவிடுவதே சரி.

உடையும் ஒளியும்

நாடக பாணிப் படத்துக்கும் விளம்பரப் படத்துக்கும் போட்டோவில் வித்தியாசம் உண்டு. முன்னதற்கு ஆழ்ந்த, அமைதியான முகம் பொருந்தும். விளம்பரத்துக்கு வேண்டியது பளிச்சென்ற, கலகலப்பான முகம். சிறு குழந்தைகளுக்கு இந்த ஒரு படமே போதும்.

உடை ஒரே வண்ணத்தில் இருப்பது நலம். கோடு, கட்டம், பெரிய பூ, எழுத்து, கம்பெனி முத்திரை எல்லாம் கண்ணை முகத்திலிருந்து இழுத்துவிடும். தொப்பி வேண்டாம், கனத்த நகை வேண்டாம். பின்னணி வெறுமையாக இருக்கட்டும். வெளிச்சம் மென்மையாக விழ வேண்டும். இரண்டு கண்களும் துல்லியமாகத் தெரிய வேண்டும். கருவிழியில் ஒளிப்பொட்டு மின்னினால் முகத்துக்கே உயிர் வந்துவிடும்.

படம் பிடிக்கும் நேரமும் முக்கியம். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்திருக்கும் வேளையே உத்தமம். 'சிரி, சிரி' என்று தாயார் ஒரு பக்கமும் தகப்பனார் மறு பக்கமும் அதட்டினால் கிடைப்பது சிரிப்பல்ல, இளிப்புதான். கெட்டிக்காரப் போட்டோக்காரர் பெற்றோரைச் சற்று ஒதுங்கி நிற்கச் சொல்லிவிட்டு, குழந்தையோடு கதை பேசிக்கொண்டே வேலையை முடித்துவிடுவார்.

வாயை மூடிப் பாருங்கள்!

ஒரே நாளில் நூற்றுக்கு மேல் படங்கள் எடுத்துவிடலாம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். இவற்றில் எதை அனுப்புவது?

டூஷேன் என்ற பிரெஞ்சு டாக்டர் 1862-ல் முக பாவங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். உள்ளத்திலிருந்து வரும் சிரிப்பில் வாயோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சேர்ந்து சுருங்குகிறது. வெறும் பாவனைச் சிரிப்பில் வாய் மட்டும் விரிகிறது என்று அவர் கண்டு சொன்னார். இதையே ஒரு சோதனையாகக் கொள்ளலாம். படத்தில் வாயைக் கட்டைவிரலால் மறையுங்கள். கண்கள் அப்போதும் சிரிக்கின்றனவா? அந்தப் படத்தை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

மிஞ்சும் பத்துப் படங்களைத் தபால் தலை அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அந்த அளவிலும் முகம் தெளிவாகத் தெரிவதையே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, குழந்தையை நன்கு அறிந்த வாத்தியாரிடமோ அடுத்த வீட்டுக்காரரிடமோ காட்டுங்கள். 'எது அழகு?' என்று கேட்காதீர்கள். 'எது இவனைப் போலவே இருக்கிறது?' என்று கேளுங்கள். ஏஜெண்டு இருந்தால் கடைசி முடிவை அவரிடம் விட்டுவிடலாம். 'காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு' என்பார்கள். பெற்றோர் கண்ணுக்கு எல்லாப் படமும் நன்றாகத்தான் இருக்கும்!

கைக்குழந்தையின் முகம் மாதத்துக்கு மாதம் மாறுகிறது. அதற்குப் பெரிய ஸ்டூடியோச் செலவு வீண். வீட்டில் நல்ல வெளிச்சத்தில் எடுத்த படமே போதும். வளர்ந்த குழந்தைக்கு ஆறு மாதம் அல்லது ஓராண்டுக்கு ஒரு முறை படத்தை மாற்ற வேண்டும்.

பணமும் பாதுகாப்பும்

'எங்கள் போட்டோக்காரரிடம் பெரிய தொகைக்குப் படம் எடுத்தால்தான் வாய்ப்பு' என்று யாராவது சொன்னால், அங்கிருந்து கிளம்பிவிடுவதே புத்திசாலித்தனம். நியாயமான ஏஜெண்டு, குழந்தை சம்பாதித்த பிறகே தம் பங்கை எடுத்துக்கொள்வார். அமெரிக்காவில் அது பொதுவாக நூற்றுக்குப் பத்து. வாய்ப்புத் தேடித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவதைக் கலிபோர்னியாச் சட்டம் 2010 முதல் தடுக்கிறது.

போட்டோவில் வீட்டு விலாசம், பள்ளியின் பெயர், சொந்தப் போன் நம்பர் இருக்கக்கூடாது. பள்ளிச் சீருடையும் கூடாது. அந்தப் படம் யார் யார் கைக்குப் போகும் என்று சொல்ல முடியாது!

1921-ல் சாப்ளினுடன் 'தி கிட்' படத்தில் நடித்துப் புகழ் பெற்ற ஜாக்கி கூகன், வளர்ந்த பிறகு தம் சம்பாத்தியம் கரைந்துபோனதைக் கண்டார். 1938-ல் தாயார் மீதும் மாற்றாந்தகப்பன் மீதும் வழக்குத் தொடுத்தார். அதன் விளைவாக 1939-ல் கலிபோர்னியாவில் குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்கும் சட்டம் பிறந்தது.

சென்னை போன்ற நகரங்களில் குழந்தையை நடிக்க அனுப்புவோருக்கும் இந்தியாவில் 2017-ல் வந்த விதிகள் உண்டு. 14 வயது நிரம்பாத குழந்தையை நாளுக்கு 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் நிரந்தர வைப்பாகப் போட வேண்டும்.

எத்தனை நல்ல படமானாலும் அது பல இடங்களில் தள்ளப்படும். தாயாக நடிப்பவரின் சாயல் இல்லை, உயரம் போதவில்லை என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். 'நீ அழகாக இல்லையாம்' என்று குழந்தையின் காதில் ஒருபோதும் போடக்கூடாது. போட்டோ பிடிக்கப் போகலாமா என்றதும் குழந்தை குதித்துக்கொண்டு வந்தால் அழைத்துப் போகலாம். தூணைக் கட்டிக்கொண்டு அழுதால், அந்தக் காமிராவுக்கு அன்று வேலை இல்லை என்று அர்த்தம்.