"ஒரு செட் மாத்திரை கொடுங்கண்ணே!"

பழங்காநத்தத்தில் கவுண்டர் வைத்தியம்: கொடுப்பவர் மருந்தாளுநரா, வெறும் விற்பனையாளரா?

மதுரை,

சாயங்காலம் 6 மணி ஆகிவிட்டால் போதும். பழங்காநத்தம் ரவுண்டானா பக்கம் உள்ள மருந்துக்கடைகளில் கூட்டம் கூடிவிடும். கொத்தனார், சித்தாள், மில் வேலை முடிந்து வருகிறவர், ஜெய்ஹிந்துபுரம் போகிற வழியில் இறங்கியவர் என்று எல்லோரும் அங்கே நிற்பார்கள். பலர் கையில் டாக்டர் சீட்டு இருக்காது. "சளி, காய்ச்சல், உடம்பு வலி. ஒரு செட் கொடுங்கண்ணே!" என்பார்கள். அவ்வளவுதான் வைத்தியம்!

காரணம் இல்லாமல் இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் பெரியார் நிலையம் போய், வைகையைத் தாண்டி, வரிசையில் நிற்கவேண்டும். ஒரு நாள் கூலி போச்சு. தனியார் டாக்டர் என்றால் பீஸ் தனி, மருந்து தனி. மருந்துக்கடையில் சீட்டும் வேண்டாம், பீசும் வேண்டாம். ஆக, ஏழைக்கு முதல் ஆஸ்பத்திரி மருந்துக்கடைதான்.

செட்டுக்குள் என்ன?

அந்தச் சின்னக் காகிதப் பொட்டலத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. காய்ச்சல் மாத்திரை ஒன்று, வலி மாத்திரை ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று. சில செட்டுகளில் ஸ்டீராய்டும் சேர்ந்துவிடும். அன்றைக்கு உடம்பு லேசாகும். ஆனால் சர்க்கரை நோயாளி ஸ்டீராய்டு சாப்பிட்டால் சர்க்கரை எகிறும். டெங்கு காய்ச்சல்காரர் ஆஸ்பிரினோ, வலி மாத்திரையோ சாப்பிட்டால் ரத்தக்கசிவு ஆபத்து உண்டு.

இன்னொரு கூத்தும் உண்டு. டோலோ, கால்பால், குரோசின் மூன்றும் பாரசிட்டமால்தான். பெயர் வேறு என்று நினைத்து இரண்டைச் சேர்த்து விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். அளவு மீறினால் ஈரல் கெடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

1948-ம் ஆண்டு பார்மசி சட்டப்படி, டாக்டர் சீட்டுக்கு மருந்து எடுத்துக் கொடுக்கப் பதிவுபெற்ற மருந்தாளுநருக்குத்தான் உரிமை. மீறினால் சிறை அல்லது அபராதம். அந்த அபராதம் 2023-ல் 2 லட்சம் ரூபாய் வரை உயர்த்தப்பட்டது.

பீகாரில் போலி மருந்தாளுநர்கள் பற்றிய வழக்கு 2022 நவம்பரில் சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. மக்களின் உடல்நலத்தோடும் உயிரோடும் விளையாட அரசையும் விடமாட்டோம், மருந்தாளுநர் கவுன்சிலையும் விடமாட்டோம் என்று கோர்ட்டு கண்டித்தது.

ஆன்டிபயாடிக் பலவும் 'எச்-1' பட்டியலில் உள்ளன. 2014 மார்ச் முதல் இந்த மருந்துகளை விற்றால் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு எல்லாவற்றையும் தனி நோட்டில் எழுதி, 3 வருடம் வைத்திருக்கவேண்டும். ஆனால் செட் கணக்கில் போகும் மாத்திரைக்கு நோட்டு ஏது?

நல்ல மருந்தாளுநர் எப்படி இருப்பார்?

கேட்டதை எடுத்து நீட்டமாட்டார். முதலில் கேள்வி கேட்பார். எத்தனை நாள் காய்ச்சல்? சர்க்கரை, பிரஷர் உண்டா? வயிற்றில் குழந்தை இருக்கிறதா? வேறு என்ன மாத்திரை ஓடுகிறது?

"நெஞ்சு அடைக்குது, வாயுதான், ஒரு ஜெலுசில் கொடுங்க" என்று வியர்க்க விறுவிறுக்க வருகிறவரை விற்பனையாளர் ஜெலுசில் கொடுத்து அனுப்பிவிடுவார். மருந்தாளுநர் உட்கார வைத்து 108-க்குப் போன் செய்வார். 2 வாரத்துக்கு மேல் இருமுகிறவருக்கு மூன்றாவது பாட்டில் சிரப் விற்கமாட்டார். "அரசு ஆஸ்பத்திரியில் சளிப் பரிசோதனை இலவசம், போய்ப் பாருங்க" என்பார். காசநோய் மருந்து விற்றால் அரசுக்குத் தகவல் கொடுக்கவேண்டும் என்று 2018 முதல் மருந்துக்கடைகளுக்கும் உத்தரவு இருக்கிறது.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். கேட்டால் சர்க்கரைத் தண்ணீர் டப்பாவை நீட்டமாட்டார். ஒரு லிட்டர் தண்ணீரில் கரைக்கும் பாக்கெட்டைக் கொடுத்து, கரைக்கும் விதமும் சொல்லுவார். உலக சுகாதார நிறுவன அளவுப்படி இல்லாத பானங்களில் 'ஓ.ஆர்.எஸ்.' என்று அச்சடிக்கவே 2025 அக்டோபரில் தடை வந்தது.

அவருக்கும் கஷ்டம் உண்டு. "இவன் என்ன பெரிய டாக்டரா?" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறவர்கள் அதிகம். மறுக்கிற கடைக்கு வியாபாரம் குறைகிறது. கேட்டதைக் கொடுக்கிற கடைக்குக் கூட்டம்!

பில் ஏன் வேண்டும்?

2025-ல் மத்தியப் பிரதேசம் சிந்துவாடாவில் 'கோல்ட்ரிப்' இருமல் சிரப் குடித்து 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. சோதித்ததில் 48.6 சதவீதம் டை எத்திலீன் கிளைக்கால் என்ற விஷம்! அக்டோபர் 1-ல் தமிழக அரசு விற்பனையைத் தடுத்தது. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இருமல் சிரப்பே கூடாது என்று மத்திய சுகாதாரத் துறையும் எச்சரித்தது.

இப்படித் தடை வரும்போது நம் வீட்டுப் பாட்டில் அதுதானா என்று பார்க்கப் 'பேட்ச்' நம்பர் வேண்டும். அது பில்லில் இருக்கும். உதிரியாக வெட்டிக் கொடுத்த மாத்திரையில் நம்பரும் தெரியாது, காலாவதித் தேதியும் தெரியாது.

நீங்கள் செய்யவேண்டியது

கடையில் வெள்ளைக் கோட்டும், பெயர், பதிவு எண் உள்ள பேட்ஜும் அணிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள். 2015-ம் ஆண்டு விதிப்படி அது கட்டாயம். "மருந்தாளுநர் யாருங்க?" என்று தைரியமாகக் கேளுங்கள். பட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் டாக்டர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள். காய்ச்சல் 3 நாள் தாண்டினால் கடையை விட்டுவிட்டு டாக்டரிடம் போங்கள். மாநகராட்சி ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியமும் மருந்தும் இலவசம்.

மருந்து இல்லை என்று மறுக்கிற கடைக்காரரைக் கோபிக்காதீர்கள். அன்றைக்கு அவர் இழந்தது பத்து இருபது ரூபாய் வியாபாரம். காப்பாற்றியது உங்கள் உயிராக இருக்கலாம்!