மூணு கட்டையும் ஒரு போல்ட்டும்

என் ஹவாயன் கிடாருக்கு சுருதி ரெண்டு கட்டை. ஆபீஸ் விழாவில் பாடப்போகும் நண்பருக்கோ மூணு கட்டை. 'இவ்வளவுதானே!' என்று கம்பிகளை முறுக்கினேன். முதல் கம்பி பட்டென்று அறுந்து கன்னத்தில் அறைந்தது. விழாவுக்குப் பத்தே நாள்!

ஸ்டீல் பாரை இரண்டாவது கோட்டில் வைத்து வாசிக்கலாமே என்பீர்கள். வாசிக்கலாம். ஆனால், தொடாத கம்பிகளின் ரீங்காரம் போய்விடும். ஆக, கேப்போ வேண்டும்.

சாதாரண கிடாரில் கேப்போ கம்பிகளைக் கீழே அழுத்திப் பிடிக்கும். மடியில் வைத்து வாசிக்கிற கிடாரிலோ கம்பிகள் நன்றாக உயரத்தில் நிற்கும். பென்சிலை வைத்து ரப்பர் பேண்டால் இறுக்கிப் பார்த்தேன். கம்பி வளைந்து சுருதி எங்கேயோ போனது. அப்புறம்தான் மண்டையில் உறைத்தது: அழுத்தக்கூடாது, கிள்ள வேண்டும்!

கம்பிகளுக்கு மேலே பித்தளைப் பட்டை, கீழே தேக்குச் சிம்பு, நடுவில் 3 மி.மீ. போல்ட். முடுக்கினேன். தடித்த கம்பிகள் கணீரென்றன. மெல்லியவை பிடிபடாமல் கிர்ரென்றன. தேக்கின் மேல் பழைய செருப்புத் தோலை ஒட்டினேன். தடிமன் வித்தியாசத்தைத் தோல் விழுங்கிக்கொண்டது. போல்ட் தலை ஸ்டீல் பாரில் இடித்தது, அரத்தால் ராவினேன். ஆறு கம்பியும் மூணு கட்டையில் பாடின!

விழா மேடை. நண்பர் காதோரம் கரகரத்தார்: "தொண்டை கட்டிடுச்சு ஸார்... ரெண்டு கட்டையிலேயே வெச்சுக்கலாமா?"

கழற்ற அரை நிமிஷம்கூட ஆகவில்லை. என் கேப்போவின் முதல் வெற்றி அதுதான்!