ஏரிக்கரைக் கூடாரத்தில் நாயும் நாமும்

1914ஆம் ஆண்டிலே, ஜேர்மனி நாட்டின் பொன் நகருக்கு அண்மையிலுள்ள ஒபர்காசல் என்னுமிடத்தில் கல்லகழ்ந்துகொண்டிருந்த தொழிலாளர் பழம் புதைகுழியொன்றைக் கண்டனர். அதனுள்ளே ஓர் ஆண், ஒரு பெண், அவர்களோடு ஒரு நாய்க்குட்டி. அவ்வெலும்புகள் ஏறக்குறைய 14,000 ஆண்டுகளுக்கு முற்பட்டவை. பிற்காலத்தில் அக்குட்டியின் பற்களை நுணுகி ஆராய்ந்த அறிஞர், அது டிஸ்ரெம்பர் என்னும் கொடிய நோயினால் பல வாரங்கள் வருந்தியிருத்தல் வேண்டும் என்றும், மனிதர் அருகிருந்து பேணியிராவிடின் அத்தனை நாள் உயிர் தரித்திராது என்றும் 2018இல் எடுத்துக்காட்டினர்.

உழவும் ஊரும் தோன்றுமுன் வேட்டையாடித் திரிந்த மக்கள் அவர்கள். வேட்டைக்கு உதவாத ஒரு நோயாளிக் குட்டிக்குத் தம் உறைவிடத்தில் இடங்கொடுத்தனர். ஆகவே, காட்டிலே கூடாரமடித்து நாயோடு இராத் தங்குதல் இன்றைய செல்வர் கண்டுபிடித்த புதுமையன்று. மனித குலத்தின் மிகப் பழைய பழக்கங்களுள் ஒன்று அது.

இப்பொருள் நமக்கு அயலானதோ என்று வாசகர் வினவலாம். 1983ஆம் ஆண்டுக்குப் பின் பெருந்தொகையாகக் கனடா சென்ற நம்மவர் பலர் இன்று ரொறன்ரோ நகரிலும் அதன் சூழலிலும் வாழ்கின்றனர். அவர்தம் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறை வந்துவிட்டால் காட்டுக்குப் போகவேண்டும். போகும்போது வீட்டு நாயும் உடன் வரவேண்டும். படலையடியிலே காவலுக்குக் கட்டிய நாயையே கண்டு பழகிய பாட்டிமாருக்கு, பேரப்பிள்ளையும் நாயும் ஒரே கூடாரத்தில் உறங்கும் படத்தைப் பார்க்கையில் வியப்பும் அருவருப்பும் ஒருங்கே தோன்றுதல் இயல்பே. ஆயினும் அப்பழக்கத்தின் நன்மை தீமைகளை அறிந்து வைத்தல், அங்குள்ளோருக்கு மட்டுமன்றி அவர்களிடம் விருந்தாகச் செல்லும் நமக்கும் பயன்படும்.

ஆயிரம் ஏரிகளின் நாடு

ரொறன்ரோவிலிருந்து வடக்கே மோட்டார் வண்டியில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் சென்றால் அல்கொன்குயின் என்னும் மாகாணப் பூங்காவை அடையலாம். பூங்கா என்றதும் மலர்ப்பாத்திகளையும் இருக்கைகளையும் எண்ணிவிடல் ஆகாது. 1893ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற இப்பெருங்காடு ஏழாயிரத்து அறுநூறு சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட பரப்புடையது. அதனுள்ளே ஆயிரக்கணக்கான ஏரிகள். அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஓடைகளிலும் ஒற்றையடிப் பாதைகளிலும் கனூ என்னும் இலேசான தோணியைச் செலுத்தியும் தோளிற் சுமந்தும் நாட்கணக்காகப் பிரயாணஞ் செய்யலாம். காட்டின் தென்பகுதியை ஊடறுத்துச் செல்லும் 60ஆம் இலக்க நெடுஞ்சாலையின் ஓரமாகக் கூடாரத் தலங்கள் பல உள. நாய்க்கும் அங்கே அனுமதியுண்டு. ஆனால் நிபந்தனையோடு.

நாய் வருவதால் பெறும் இன்பம் யாது? மனிதன் காட்டைக் கண்ணாற் காண்கிறான். நாயோ மூக்காலும் செவியாலும் காண்கிறது. நாம் ஒன்றுமறியாது தேநீர் அருந்திக்கொண்டிருக்கும்போது அது தலையை நிமிர்த்தி ஒரு திசையை உற்று நோக்கும். சிறிது நேரத்தின் பின்னரே அங்கிருந்து ஒரு மான் வெளிப்படும். நாயோடு நடப்பவன் தன் புலன்களோடு இன்னோர் உயிரின் புலன்களையும் இரவலாகப் பெற்று நடக்கிறான் எனலாம். நகரத்திலே ஆளுக்கொரு மூலையிலிருந்து கைபேசியைப் பார்க்கும் பிள்ளைகளை விடியற்காலையில் எழுப்பி ஏரிக்கரைக்கு இழுத்துச் செல்லும் வல்லமையும் அதற்கே உண்டு.

இரு நூல்கள், இரு நாய்கள்

அமெரிக்க இயற்கையறிஞர் ஜோன் மியூர் 1880ஆம் ஆண்டில் அலாஸ்காவிலே பனியாறொன்றை ஆராயப் புறப்பட்டபோது, உடன் வந்த பாதிரியாரின் சிறு கரிய நாயும் அழையா விருந்தாகப் பின்தொடர்ந்தது. ஸ்ரிக்கீன் என்பது அதன் பெயர். புயலும் இருளும் சூழ்ந்த வேளையில், ஆழம் காணவொண்ணாத பிளவொன்றின் குறுக்கே கத்தி முனை போன்ற பனிப்பாலத்தை இருவரும் கடக்கவேண்டி நேர்ந்தது. அஞ்சிக் கதறிய நாய் ஈற்றில் துணிந்து கடந்து, மறுகரையில் களிப்பு மிகுதியால் துள்ளிக் குதித்ததை மியூர் வாழ்நாள் முழுதும் மறந்தாரல்லர். அவ்வனுபவம் 1909இல் தனி நூலாகவே வெளிவந்தது.

நாவலாசிரியர் ஜோன் ஸ்ரைன்பெக், 1960ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்தில், சிறு வீடு பொருத்திய வண்டியொன்றிலே தம் முதிய நாய் சார்ளியுடன் அமெரிக்காவைச் சுற்றிவரப் புறப்பட்டார். அப்பிரயாண நூல் வெளிவந்த 1962ஆம் ஆண்டிலேயே அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. சார்ளி எவரோடும் சண்டைக்குப் போகாத சாது. ஆனால் யெலோஸ்ற்றோன் தேசியப் பூங்காவினுள் கரடியைக் கண்ட மாத்திரத்தே அது வெறிகொண்டு குரைத்துப் பாய முயன்றதென்றும், தாம் வண்டியைத் திருப்பிக்கொண்டு வெளியேற நேர்ந்ததென்றும் அவர் எழுதுகிறார். பத்தாண்டு பழகிய நாயாயினும் காட்டிலே அது எவ்வாறு நடந்துகொள்ளும் என்று எவராலும் உறுதி கூறவியலாது. கூடாரப் பிரயாணிகளுக்குரிய சட்டதிட்டங்கள் பலவும் இவ்வுண்மையின் மீதே எழுந்தவை.

இரண்டு மீற்றர் கயிறு

ஒன்ராறியோ மாகாணப் பூங்காக்களில் நாயின் கழுத்துக்கயிறு இரண்டு மீற்றருக்கு மேற்படலாகாது. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் ஆறடியே எல்லை. இத்தனை பெரிய காட்டிலே இத்தனை சிறிய கயிறா என்று புதியவர் முணுமுணுப்பதுண்டு. கயிற்றின் காரணத்தை அறிந்தால் முணுமுணுப்பு அடங்கும்.

அல்கொன்குயின் ஏரிகளிலே லூன் என்னும் நீர்ப்பறவை வாழ்கிறது. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் 1987 முதல் பொறிக்கப்பட்டு வருவதும் இப்பறவையே. நீந்துதற்கேற்ப அதன் கால்கள் உடலின் பின்புறத்தே அமைந்திருப்பதால் நிலத்தில் நன்கு நடக்கமாட்டாது. எனவே நீரின் விளிம்பிலேயே கூடு கட்டும். கரையோரமாகக் குதூகலித்து ஓடும் ஒரு நாய், தான் யாது செய்தோம் என்றறியாமலே அவ்வாண்டின் சந்ததியை அழித்துவிடக்கூடும்.

காட்டின் கருங்கரடி பெரும்பாலும் மனிதனைக் கண்டால் ஒதுங்கிச் செல்லும். அவிழ்த்துவிட்ட நாய் அதனைத் துரத்தும். கரடி திரும்பி எதிர்த்தாலோ, நாய் ஓடிவந்து ஒளியுமிடம் எசமானின் காலடி. வராத ஆபத்தை வரவழைத்துக் கொடுத்தது அந்த நாயே ஆகும். முள்ளம்பன்றியை முகரச் சென்ற நாயின் மூக்கில் தைக்கும் முட்களோ நுனியில் நுண்ணிய கொக்கிகள் உடையவை. உள்நோக்கி ஏறுமேயன்றி எளிதில் வெளிவாரா. மிருக வைத்தியர் நெடுந்தொலைவில் இருக்கும் அவ்விடத்தில் அவ்விரவு எவருக்கும் உறக்கம் இராது.

கயிறின்மையால் விளைந்த மாபெருந் துயரம் ஒன்று அமெரிக்காவில் இன்றும் நினைவுகூரப்படுகிறது. 1981ஆம் ஆண்டு யூலை 20ஆம் திகதி, யெலோஸ்ற்றோனிலே வண்டியிலிருந்து தப்பியோடிய நாயொன்று கொதிநீர்ச் சுனையினுள் பாய்ந்தது. தெளிந்த நீல நீர் அது. பார்ப்பதற்குக் குளிர்ந்த தடாகம் போலவே தோன்றும். அதன் வெப்பமோ 94 பாகை சென்ரிகிரேட் அளவினது. நாயோடு வந்த 24 வயது இளைஞர் ஒருவர், அருகிருந்தோர் வேண்டாமெனக் கூவியும் கேளாது, அதனைக் காக்கத் தலைகீழாகக் குதித்தார். நாயும் இறந்தது, அவரும் மறுநாள் மருத்துவமனையில் உயிர் நீத்தார். அவருடைய அன்பைக் குறைகூற எவருக்கும் மனம் வராது. எனினும் அந்நேரத்து வீரத்தினும், அதற்குச் சில நிமிடங்களுக்கு முன் மாட்டியிருக்கவேண்டிய ஒரு கயிறே இரண்டு உயிர்களையும் காத்திருக்கும். இன்றும் அப்பூங்காவில் வீதி, வண்டித் தரிப்பிடம், கூடாரத் தலம் ஆகியவற்றிலிருந்து நூறடிக்கு அப்பால் நாய்க்கு அனுமதியில்லை.

கண்ணுக்குத் தெரியாத பகை

கரடியினும் அஞ்சத்தக்கது ஏரித் தண்ணீர். கோடை வெப்பத்தில், தேங்கிய நீரின்மேல் பச்சைச் சாயம் ஊற்றினாற்போல் ஒருவகை நுண்பாசி படர்வதுண்டு. நீலப்பச்சைப் பாசி எனப்படும் அதன் சில இனங்கள் ஈரலையோ நரம்பையோ தாக்கும் நஞ்சைச் சுரக்கும். மனிதன் அந்நீரைக் கண்டு விலகுவான். நாயோ குடிக்கும், நீந்தும், பின் தன் உரோமத்தையும் நக்கும். சில மணி நேரத்திலேயே மாண்ட நாய்கள் உண்டு. அதற்கு முறிமருந்து இல்லை. ஆகவே நிறம் மாறிய நீரில் நாயை இறங்கவிடலாகாது. தவறி இறங்கினால் உடனே தூய நீரிற் கழுவி மிருக வைத்தியரிடம் விரைதல் வேண்டும்.

நம் வயல்களிலே எலிக்காய்ச்சல் என நாமறிந்த நோய், காட்டு விலங்குகளின் சிறுநீர் கலந்த தேங்கு நீரினால் நாயையும் பற்றும். நாயிடமிருந்து மனிதருக்கும் தொற்றும். புற்களில் காத்திருக்கும் ஒருவகை உண்ணி லைம் என்னும் நோயைப் பரப்பும். அமெரிக்காவிலே அந்நோய் முதன்முதல் இனங்காணப்பட்ட ஊரின் பெயரே அதற்கு ஆயிற்று. ஒவ்வொரு மாலையும் நாயின் செவிமடல், கழுத்து, கால்விரல் இடுக்கு ஆகியவற்றை விரலால் தடவிப் பார்த்து, உண்ணியிருப்பின் இடுக்கியால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக இழுத்தெடுத்தல் வேண்டும். இப்பணியைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கலாம். பெரியவர் மேற்பார்த்தாற் போதும்.

நாய் காட்டிலிருந்து நோய் பெறுவது போலவே, காட்டுக்கு நோய் கொடுக்கவும் வல்லது. 1994ஆம் ஆண்டில் ஆபிரிக்காவின் செரெங்கெற்றிச் சமவெளியில் சிங்கங்களுள் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு மாண்டது. அவற்றைக் கொன்றது அதே டிஸ்ரெம்பர் நோய்; சுற்றுப்புறக் கிராமங்களின் நாய்களிடமிருந்து பரவியதென்று ஆராய்ச்சியாளர் கண்டனர். ஆகவே விசர்நோய்க்கும் டிஸ்ரெம்பருக்கும் தடுப்பூசி இடுவது தன் நாயைக் காக்கும் செயல் மட்டுமன்று. காட்டுக்குச் செலுத்தும் கடனுமாகும்.

கூடார ஒழுக்கம்

முதலிற் பிரயாணம். வெளியே வெப்பம் 24 பாகையே ஆயினும், மூடிய வண்டியினுள் அரைமணி நேரத்தில் அது 40 பாகையைத் தொட்டுவிடும். நாய் நாவை நீட்டி மூச்சு வாங்கியே பெரும்பாலும் தன்னைக் குளிர்விக்கிறது. ஆதலால் ஒரு நிமிட வேலையென்று அதனை வண்டியிற் பூட்டிவிட்டுச் செல்லுதல் கொலைக்கு ஒப்பாகும்.

அடுத்தது உணவு. நாயின் உணவும் கரடிக்கு உணவே. உண்டு மிஞ்சியதைக் கிண்ணத்தோடு வெளியே விடாது, மனிதர் உணவைப்போலவே வண்டியினுள் பூட்டி வைத்தல் வேண்டும். உட்காட்டில் தங்குவோர் மரக்கிளையில் உயரத் தொங்கவிடுவர். குடிநீரை வீட்டிலிருந்தே கொண்டுபோதல் நலம். இரவிலே நாயை வெளியே கட்டிவிடாது கூடாரத்தினுள்ளே பழந்துணி விரித்துப் படுக்கவிடல் வேண்டும். வடநாட்டின் கோடையிரவும் குளிருடையது; வெளியே கட்டிய நாய் எவ்விலங்கிடமிருந்தும் ஓடித் தப்பவும் மாட்டாது. பாட்டிமார் முகஞ்சுளிக்கும் அவ்வழக்கத்துக்குக் காரணம் செல்லமன்று, பாதுகாப்பே. கூடாரத்தைக் கண்டிராத நாயை ஒருவாரம் முன்னதாகவே வீட்டு வளவில் கூடாரமடித்துப் பழக்குவோர் அறிவுடையோர்.

அயலவர் உரிமையும் உண்டு. நிசப்தத்தை நாடி வந்தவரின் காதில் ஓயாக் குரைப்பு விழலாகாது. பலர் நீராடும் கரைக்கு நாயைக் கொண்டுசெல்லலாகாது. அதன் மலத்தை உரியவரே பொறுக்கி அகற்றுதல் வேண்டும். காட்டு விலங்கு அவ்வாறு செய்வதில்லையே என்பது விடையாகாது. காட்டு விலங்கு கடையில் வாங்கிய உணவை உண்பதுமில்லை. ஒரே இடத்தில் நூற்றுக்கணக்காகக் கூடுவதுமில்லை.

எல்லா நாய்களும் காட்டுக்கு உரியனவல்ல என்பதையும் கூறவேண்டும். முதுமையுற்றது, இடியோசைக்கு நடுங்குவது, அயலாரைக் கண்டு சீறுவது ஆகியவற்றை உறவினர் வீட்டில் விட்டுச் செல்லுதலே கருணை. சில காடுகளும் நாய்க்கு உரியனவல்ல. நமது இலங்கைத் தேசியப் பூங்காக்களுக்குள் வளர்ப்புப் பிராணிகளைக் கொண்டுசெல்லல் தடைசெய்யப்பட்டுள்ளது. சிறுத்தைக்கு நாய் எளிய இரை என்பதையும், நாயின் நோய் காட்டுக்கு எமன் என்பதையும் எண்ணினால் அத்தடையின் நியாயம் விளங்கும்.

பிள்ளைகளுக்கு நாய் ஏன் வேண்டும் என்று பெற்றோர் பலர் கேட்பதுண்டு. பொறுப்பை நூலிற் கற்பித்தல் அரிது. ஏரிக்கரைக் கூடாரத்திலோ, தண்ணீர் வைத்தாயா, கயிற்றைக் கட்டினாயா, உண்ணி பார்த்தாயா என்ற மூன்று வினாக்கள் ஒரு வாரத்தில் அதனைக் கற்பித்துவிடும். தனக்குப் பசிக்குமுன் இன்னோர் உயிரின் பசியை நினைக்கப் பழகிய பிள்ளை வீடு திரும்பிய பின்னரும் அதனை எளிதில் மறப்பதில்லை. நாயை வீட்டினுள் விடலாமா என்பதில் நமக்கும் அவர்களுக்கும் கருத்து வேற்றுமை இருக்கட்டும். அதற்கு முதலில் உண்ணக் கொடுத்துவிட்டுப் பின் தான் உண்ண அமரும் பேரனைக் கண்டு மகிழாத பாட்டி எந்நாட்டிலும் இல்லை.