கைதிகள் கட்டிய சட்டசபை!

பெங்களூருக்குப் போகிறவர்கள் பார்க்காமல் திரும்பாத கட்டடம் ஒன்று உண்டு. அதுதான் "விதான சௌதா". கர்நாடக மாநிலத்தின் சட்டசபை கூடும் இடம்.

பார்த்தால் கோவில் போல இருக்கும். முழுவதும் கருங்கல்! நீளம் 700 அடி. அகலம் 350 அடி. 45 படிகள் ஏறினால், 40 அடி உயரத் தூண்கள் 12 வரிசையாக நிற்கும். உச்சியில் பெரிய கோபுரம். அதன் மேல் நான்முகச் சிங்கம்.

ரஷ்யர் கேட்ட கேள்வி

1951 ஜூலை 13-ந்தேதி பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். அப்போது போட்ட திட்டம் எளிமையானது.

மறு ஆண்டு கெங்கல் அனுமந்தையா முதல் மந்திரி ஆனார். ஒரு நாள், ரஷ்யாவில் இருந்து வந்த கலைக் குழுவினருக்கு ஊரைச் சுற்றிக் காட்டினாராம். "எல்லாம் ஐரோப்பியக் கட்டடமாக இருக்கிறதே, உங்கள் நாட்டுக் கட்டடம் எங்கே?" என்று அவர்கள் கேட்டார்களாம். அந்தக் கேள்வி அவர் மனதில் தைத்துவிட்டது.

பழைய திட்டத்தை மாற்றினார். திராவிடச் சிற்ப முறையில் புதுத் திட்டம் பிறந்தது. என்ஜினீயர் பி. ஆர். மாணிக்கம் வேலையை நடத்தினார்.

கைதிகளின் உழைப்பு

சுமார் 5,000 கூலியாட்கள் பாடுபட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் சிறைக் கைதிகள்! கல்தச்சர், கொத்தனார், மரச்சிற்பி என்று 1,500 பேர் வேறு. மந்திரிசபை கூடும் அறையின் கதவு சந்தன மரத்தால் ஆனது. வேலை முடிந்ததும் கைதிகளுக்கு விடுதலை கிடைத்தது. சட்டத்தை மீறியவர்களின் கையால், சட்டம் செய்யும் மண்டபம் எழுந்தது!

செலவு சுமார் 1 கோடியே 80 லட்சம் ரூபாய். "ஏழை நாட்டில் இத்தனை ஆடம்பரமா?" என்று கண்டனம் கிளம்பியது. அனுமந்தையா அசையவில்லை. மக்களின் பிரதிநிதிகள் கூடும் இடம் அரண்மனைக்குக் குறைந்ததாக இருக்கக் கூடாது என்பது அவர் எண்ணம்.

கட்டியவர் இல்லை

1956-ல் கட்டடம் முடிந்தது. ஆனால் அந்த ஆகஸ்டு மாதமே அனுமந்தையா பதவியை விட்டு விலகிவிட்டார். ஆசையாகக் கட்டியவருக்கு, அதில் முதல் மந்திரியாக அமரும் பாக்கியம் கிடைக்கவில்லை! இப்போது அவருடைய சிலை அந்த வளாகத்தில் நிற்கிறது.

வாசலில் கன்னடத்தில் ஒரு வாசகம் பொறித்திருக்கிறார்கள். "அரசாங்க வேலை ஆண்டவன் வேலை" என்பது அதன் பொருள். படியேறி உள்ளே போகும் மந்திரி முதல் சேவகர் வரை எல்லோருக்கும் அது பொருந்தும்.