பந்தாட்டக் களத்திலிருந்து மல்மேடைக்கு

மல் என்ற சொல் தமிழருக்குப் புதியதன்று. மற்போரில் வல்லவன் என்பதால் மாமல்லன் எனப் பெயர் பெற்றான் முதலாம் நரசிம்மவர்மன். அப்பெயரை மாமல்லபுரம் இன்றும் தாங்கி நிற்கிறது. அவனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, சோழர் குடியிற் பிறந்த போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வீழ்த்திய செய்தியைப் புறநானூறு நமக்குக் கூறுகிறது. நாம் வாழும் சிஞ்ச்வடிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் இக்கலை ஏட்டில் உறங்கவில்லை. ‘தாலீம்’ என மராட்டியர் அழைக்கும் மற்கூடங்களில், பதப்படுத்திய செம்மண்ணில் இளைஞர்கள் விடியற்காலையிலேயே இறங்கிவிடுகிறார்கள். 1961இல் தொடங்கிய ‘மகாராஷ்டிர கேசரி’ பட்டமே அவர்களுள் பலருடைய கனவு.

ஆனால், நம் விடுதி அறைகளில் இரவு நேரத்தில் நண்பர்கள் கூடிக் கண்டு களிப்பது வேறொரு மற்போர். கண்ணைப் பறிக்கும் விளக்குகள், காதைப் பிளக்கும் இசை, மேடையேறியதும் மார்தட்டிப் பேசும் மல்லர்கள்! “இவர்களெல்லாம் எங்கிருந்து வருகிறார்கள்? இது மெய்யா, நாடகமா?” என்று நண்பர்கள் வினவுவதுண்டு. கல்லூரிக் கால்பந்துக் குழுவில் பின்களக் காவலனாக இரண்டாண்டுகள் ஆடி, இப்போது இறுதியாண்டில் நிற்பவன் நான். அடுத்த ஆண்டு இந்தக் கால்களுக்கு என்ன வேலை என்ற கேள்வி எனக்கும் உண்டு. ஆகவே இதைச் சற்று ஆழ்ந்து ஆராய்ந்தேன். அமெரிக்க மல்லர்களுள் பெரும்புகழ் பெற்ற பலர் கல்லூரிப் பந்தாட்டக் களத்திலிருந்து வந்தவர்கள் என்பது தெரியவந்தது.

அமெரிக்கர் கால்பந்து என்பது நாம் ஆடும் ஆட்டமன்று. நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், ஓடுபவனை மோதி வீழ்த்துவதுமே அதன் உயிர். நூற்றிருபது கிலோ எடையுள்ள ஒருவன் பாய்ந்து வந்து இடிக்கும்போது அதைத் தாங்கவும், விழுந்த கணமே எழவும், நூற்றுக்கணக்கான வியூகங்களை மனப்பாடமாக வைத்திருக்கவும் அங்கே பழக வேண்டும். ஆயிரக்கணக்கானோர் கூச்சலிடும் அரங்கில் பதறாமல் நிற்கும் துணிவும் வேண்டும். மல்மேடை கேட்பதும் ஏறத்தாழ இவற்றையே.

பொருத்தம் இருக்கட்டும், அவர்கள் ஏன் மாறுகிறார்கள்? விடை கணக்கில் இருக்கிறது. அந்நாட்டின் தேசியக் கால்பந்துச் சங்கத்தில் இருப்பவை 32 அணிகளே. ஆண்டுதோறும் நடக்கும் தேர்வில் ஏழு சுற்றுகளில் இருநூற்றைம்பதுக்குச் சற்று மேற்பட்டவர்களையே அவை எடுத்துக்கொள்கின்றன. கல்லூரிகளில் ஆடுவோருள் தொழில்முறை ஆட்டத்துக்குச் செல்பவர் நூற்றுக்கு இருவர்கூட இல்லை. எஞ்சியோர் கட்டிய உடம்போடும் கலைந்த கனவோடும் களத்தைவிட்டு வெளியேறுகின்றனர்.

இந்தப் பாதையை முதலில் வகுத்தவர்களுள் ஒருவர் கஸ் சோனன்பர்க். டார்ட்மவுத் கல்லூரியில் ஆடிய இவர், 1929 ஜனவரியில் பாஸ்டன் நகரில் எட் ‘ஸ்ட்ராங்ளர்’ லூயிசை வென்று உலகப் பட்டம் பெற்றார். பந்தாட்டத்தில் ஆளை வீழ்த்தும் பாய்ச்சலை அப்படியே மல்மேடைக்குக் கொண்டுவந்தார், கூட்டம் ஆர்ப்பரித்தது. பிடித்து, அழுத்தி, நெடுநேரம் பொருதும் பழைய மற்போரின் வேகமே அதன்பின் மாறிற்று எனலாம். மினசோட்டா பல்கலைக்கழகத்தின் பிராங்கோ நகுர்ஸ்கி 1937இல் அதே வழியில் பட்டம் வென்றார்.

நம் காலத்தில் அனைவரும் அறிந்தவர் ‘தி ராக்’ என்ற டுவைன் ஜான்சன். 1991இல் தேசிய வாகை சூடிய மயாமி பல்கலைக்கழக அணியில் இருந்தவர் இவர். தோளில் காயம், தம் இடத்திற்கு வேறொருவர் வந்துவிட்டார், 1995இல் எந்த அணியும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. கனடாவின் கால்கரி அணியும் சில மாதங்களில் கைவிட்டது. வீடு திரும்பியபோது சட்டைப்பையில் ஏழு டாலரே இருந்ததென அவரே பலமுறை கூறியிருக்கிறார். தந்தையும் தாய்வழிப் பாட்டனாரும் மல்லர்கள். அவர் 1996 நவம்பரில் நியூயார்க் மேடை ஏறினார். முதலில் கூட்டம் அவரை வெறுத்துக் கூச்சலிட்டது. அந்த வெறுப்பையே வேடமாக்கிக்கொண்ட பிறகுதான் புகழ் வந்தது. வலிமையோடு வாக்கும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

இனி, மெய்யா நாடகமா என்ற வினாவுக்கு வருவோம். வெற்றி தோல்வி முன்பே முடிவு செய்யப்படுகிறது. அப்போது டபிள்யூ.டபிள்யூ.எஃப். எனப்பட்ட நிறுவனம், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காக, 1989இல் நியூஜெர்சி மாநில அவையிடம் இது போட்டியன்று, பொழுதுபோக்கே என்று ஒப்புக்கொண்டது. ஆனால் விழுவது பொய்யன்று. 2013இல் ஆர்லாண்டோவில் திறக்கப்பட்ட டபிள்யூ.டபிள்யூ.இ. பயிற்சிக்கூடத்தில் புதியவர் முதலில் கற்பது வெல்வதையன்று, விழுவதை! முகவாயை மார்போடு சேர்த்து, முதுகின் மேற்பகுதி முழுவதும் ஒருசேரப் படும்படி விழ வேண்டும். இல்லையேல் கழுத்துக்கு ஆபத்து. பிறகு கயிற்றில் மோதி ஓடுதல், எதிராளியைக் காயமின்றித் தூக்கி இறக்குதல், ஒலிவாங்கியைப் பிடித்துப் பேசுதல் என்று பாடம் நீளும். கல்லூரி வீரர்கள் தம் பெயரைக் கொண்டு பொருளீட்டலாம் என 2021 ஜூலையில் விதி தளர்ந்தது. அவ்வாண்டு டிசம்பரிலேயே மாணவர்களைப் படிக்கும்போதே ஒப்பந்தம் செய்யும் திட்டத்தை அந்நிறுவனம் தொடங்கிவிட்டது.

ஒளிக்குப் பின்னால் நிழலும் உண்டு. மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் பந்தாடி மல்லரான டேரன் டிரோஸ்டாவ் 1999 அக்டோபரில் மேடையில் தவறி விழுந்து கழுத்து முறிந்தார். 2023இல் மறையும் வரை சக்கர நாற்காலியே அவருக்குத் துணையாயிற்று. அந்நிறுவனத்தின் மல்லர்கள் ஊழியர்களாக அன்றித் தனி ஒப்பந்தக்காரர்களாகவே கருதப்படுகின்றனர் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. உடம்பே மூலதனமாகிய தொழிலில் முதல் முறியும்போது யார் ஈடு செய்வார்?

நம் நாட்டிலும் இத்தகைய கதை உண்டு. உத்தரப் பிரதேசத்தில் லாரி ஓட்டுநரின் மகனாகப் பிறந்த ரிங்கு சிங் லக்னோவின் குரு கோபிந்த் சிங் விளையாட்டுக் கல்லூரியில் ஈட்டி எறிந்தவர். 2008இல் பந்தெறியும் போட்டியொன்றில் வென்று, அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பால் அணியில் ஒப்பந்தமான முதல் இரு இந்தியருள் ஒருவரானார். கைக்காயங்கள் அந்த வாழ்வை முடக்கின. 2018இல் மற்போருக்கு வந்து, ‘வீர் மகான்’ என்ற பெயரில் மேடை ஏறினார். 2024இல் நிறுவனம் அவரை விடுவித்தது. ஈட்டி, பந்து, மல் என மூன்று வாழ்வுகள். எதிலும் நிலையான இடம் இல்லை!

இம்மண்ணின் மைந்தர் ஒருவரையும் நினைவு கொள்வோம். கராட் அருகிலுள்ள கோலேஷ்வர் சிற்றூரில் பிறந்த கஷாபா ஜாதவ் கோலாப்பூர் ராஜாராம் கல்லூரி மாணவர். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கிற்கு அவர் செல்லப் பணம் போதாமையால், கல்லூரி முதல்வர் கர்டேகர் தம் வீட்டையே அடமானம் வைத்தார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் பதக்கம் அவ்வாறு வந்தது. பின்னர் 1955இல் காவல்துறையில் பணியேற்றுக் குடும்பத்தைக் காத்தார்.

மாணவ நண்பர்களே! கல்லூரி வாழ்வு முடியும் நாளில் களமும் கைவிட்டுப் போகும் வீரர்கள் நம்மிடையே பலர். வேறு மேடை தேடிப் போவது இழிவன்று. சோனன்பர்க்கும் ஜான்சனும் போனார்கள், வென்றார்கள். ஆனால் போகுமுன் மூன்று கேள்விகள் கேட்போம்: எனக்குக் காயம் பட்டால் செலவு யாருடையது? ஒப்பந்தம் முடிந்தபின் என் கையில் எஞ்சும் தொழில் எது? பட்டப்படிப்பை முடித்துவிட்டேனா? இம்மூன்றுக்கும் விடை கையில் இருந்தால் எந்த மேடையிலும் ஏறலாம். மல்லன் முதலில் கற்பது விழுவதை என்றேன் அல்லவா? அடிபடாமல் விழ அறிந்தவனே மறுபடியும் எழுந்து ஆடுவான்.