வால்வைப் பூட்டுமுன் ஒரு நிமிஷம்!

காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரம். மேட்டு லயத்துப் பீலியில் தண்ணி இல்லை. "எல்லாத் தண்ணியும் கீழ் லயத்துக்குத்தான் போகுது" என்று ஒருவர் ஓடிப்போய், கீழ்ப்பக்க வால்வின் கைபிடியை ஒரே தள்ளாகத் தள்ளிப் பூட்டுகிறார். சற்று நேரத்தில் குழாய் வெடிக்கிறது. இப்போது ரெண்டு லயத்துக்கும் தண்ணி இல்லை.

ஏன் வெடித்தது? நமது தாங்கிகள் மலை உச்சியில் இருக்கின்றன. 10 மீட்டர் இறக்கத்துக்குச் சதுர சென்டிமீட்டருக்கு சுமார் 1 கிலோ அழுத்தம் கூடும். ஓடுகிற தண்ணீரைத் திடீரென மறித்தால் அது குழாயைச் சம்மட்டிபோல் அடிக்கும். இரும்புக் குழாயில் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் ஓடும் தண்ணீர் சட்டென நின்றால், மேலும் 10 கிலோ அளவுக்கு அழுத்தம் ஏறலாம். ஆகவே மெதுவாகப் பூட்டுங்கள். திறக்கும்போதும் கொஞ்சங் கொஞ்சமாகத் திறந்து, உள்ளே இருக்கும் காற்று வெளியேற விடுங்கள்.

சக்கர வால்வை முழுதாகத் திறக்க வேண்டும், அல்லது முழுதாகப் பூட்ட வேண்டும். பாதியில் விட்டால் உள்தகடு தேய்ந்து, பிறகு சரியாகப் பூட்டாது. எத்தனை சுற்று என்று எண்ணி எழுதி வையுங்கள். இறுகிப்போனால் நீளக் குழாய் போட்டு நெம்பாதீர்கள், தண்டு முறியும்.

மிக முக்கியமானது இது: ஆழமான வால்வுக் குழிக்குள் இறங்காதீர்கள். இலை அழுகியும் இரும்பு துருப்பிடித்தும் உள்ளே உயிர்க்காற்று குறைந்திருக்கலாம். மணம் இருக்காது, கண்ணுக்கும் தெரியாது. ஒருவர் மயங்கி விழுந்தால் "நான் தூக்குறேன்" என்று அடுத்தவர் குதித்தால் ரெண்டு உயிரும் போகும். மேலே நின்றபடி நீளச் சாவியால் திருகுங்கள். மூடியை இருவராகக் கொக்கி போட்டுத் தூக்குங்கள். பாம்பு, குளவி இருக்கிறதா என்று பாருங்கள். வேலை முடிந்ததும் மூடியைப் போட மறக்க வேண்டாம். பிள்ளைகள் விளையாடுகிற இடம்.

குழாய் வெறுமையானால் கசிவுள்ள இடங்களில் கான் தண்ணி உள்ளே புகும். பிள்ளைகளுக்கு வயிற்றோட்டம் வருவது இப்படியும்தான். தண்ணி திரும்பி வந்ததும் தெளியும்வரை ஓட விடுங்கள். குடிக்கும் தண்ணீரை நன்றாகக் கொதிக்க விட்டு, ஒரு நிமிஷமாவது வைத்து இறக்குங்கள்.

வால்வுச் சாவி பொறுப்பான ஒருவரிடம் இருக்கட்டும். பூட்டுமுன் ரெண்டு லயத்துக்கும் சொல்லிவிடுங்கள். தண்ணியும் மிஞ்சும், சண்டையும் வராது.